டூரினில் வரைந்தது, வண்டலூரில் செய்தது, நந்தனத்தில் பிரித்தது

இத்தாலியக் கார் என்றதும் நம்ம ஊரில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஃபியட் ஞாபகம் வரும். பம்பாயில் பிரீமியர் கம்பெனி தயாரித்து, பிறகு பத்மினி என்று பேர் மாறிய ஃபியட். இளசுகளுக்கு ஃபெராரி. மெட்ராஸ் பக்கத்திலேயே, ஜி.எஸ்.டி. ரோட்டில், டூரின்காரர் ஒருவர் வரைந்த கார் வருஷக்கணக்கில் தயாரானது என்றால் பலர் நம்புவதில்லை. ஸ்டாண்டர்ட் ஹெரால்டைத்தான் சொல்கிறேன்.

நந்தனத்தில் நண்பர் ஒருவரின் பழைய வீட்டுப் போர்ட்டிகோவில் ஒன்றரை வருஷமாக ஒரு ஹெரால்ட் மார்க் 3 பிரிந்து கிடக்கிறது. ஆர்.சி. புக்கில் 1971. அவர் அப்பா ஓட்டிய வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய் டார்ச் பிடிப்பேன், போல்ட்டுகளுக்குச் சீட்டு எழுதி டப்பாவில் ஒட்டுவேன். அங்கே கண்ணால் பார்த்ததும், அதைச் சாக்காக வைத்துப் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் வரைந்தவர். ஜியோவான்னி மிக்கெலோட்டி, 1921இல் டூரினில் பிறந்தவர். பள்ளி வயது தாண்டியதும் ஃபரீனா கார் பாடிப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, 1949இல் சொந்த ஸ்டூடியோ போட்டார். அந்தக் காலத்து ஃபெராரி என்பது பெரும்பாலும் எஞ்சினும் சேஸிஸும்தான். மேல்பாடியை வெளிப் பட்டறைகள் அடித்துக் கொடுக்கும். அப்படி விக்னாலே பட்டறை அடித்த 1950களின் தொடக்கத்து ஃபெராரிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கோடு போட்டவர் மிக்கெலோட்டி. மசராட்டி 3500 ஜி.டி.யின் திறந்த கூரை மாடலும் அவருடையது. பி.எம்.டபிள்யூ. கம்பெனி தடுமாறிக்கொண்டிருந்தபோது அதைத் தூக்கி நிறுத்திய குட்டிக் கார் 700, ஜப்பானின் ஹினோ கான்டெஸ்ஸா எல்லாம் அவர் கைதான். இவ்வளவு வரைந்த மனிதருக்குப் பினின்ஃபரீனா மாதிரி பேர் வராததற்குக் காரணம் எளிது. அவர் சொந்தமாகக் கார் பாடி தயாரித்து விற்றவர் இல்லை. கோடு போட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். வண்டியில் வேறு யாருடைய பேரோ இருக்கும்.

1957இல் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் கம்பெனிக்கு ஒரு புதுச் சின்னக் கார் தேவைப்பட்டது. எஞ்சினியரிங் தலைவர் ஹாரி வெப்ஸ்டர் மிக்கெலோட்டியைப் பிடித்தார். கூர்மையான விளிம்புகள், மெல்லிய தூண்கள், நாலு பக்கமும் கண்ணாடி. 1959 ஏப்ரலில் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்ட் அதுதான்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் வருகிறது. 1950களின் கடைசியில் சின்னக் கார்கள் எல்லாம் மோனோகாக் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அதாவது தனி சேஸிஸ் கிடையாது, பாடியே முதுகெலும்பு. ஹெரால்ட் மட்டும் பின்னோக்கிப் போய்த் தனி சேஸிஸ் மேல் உட்கார்ந்தது. எஞ்சினியர்களின் பிடிவாதம் அல்ல, வியாபாரச் சண்டை. ஸ்டாண்டர்டுக்குப் பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. 1953இல் வாங்கிவிட்டது. முழு பாடியை அடித்துத் தர ஆள் இல்லை. சரி, துண்டு துண்டாக ஆளுக்கொரு இடத்தில் அடித்து வாங்கி, நாமே போல்ட் போட்டு இணைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். கூரையைக் கழற்றலாம், வாசல்படித் தகட்டைக் கழற்றலாம். பானெட் என்பது இரண்டு மட்கார்டையும் முன்முகத்தையும் சேர்த்து ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்துவிடும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். வண்டி 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது தனிப் பெருமை.

துண்டுகளாகப் பிரிந்ததால்தான் அதே எலும்பிலிருந்து இன்னொரு வண்டியும் பிறந்தது. ஹெரால்ட் சேஸிஸைக் குட்டையாக்கி, அதே முன் சஸ்பென்ஷன், அதே பின் ஆக்சில் போட்டு, மிக்கெலோட்டியே வரைந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் 1962இல் வந்தது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். அது 1980 வரை தயாரானது. இன்றைக்கும் இங்கிலாந்தில் அதற்குப் புதிதாகச் சாமான் அடித்து விற்கிறார்கள். நந்தனத்து போர்ட்டிகோவுக்குப் பார்சல் வருவது அந்தப் புண்ணியத்தில்தான்.

இனி வண்டலூர். இப்போது வண்டலூர் என்றால் மிருகக்காட்சி சாலை, அப்புறம் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட். ஒரு தலைமுறைக்கு முன்னால் அது ஸ்டாண்டர்ட் மோட்டார் ஃபேக்டரி. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948இல் தொடங்கியது. வான்கார்ட், ஸ்டாண்டர்ட் டென் என்று வந்து, 1960களின் தொடக்கத்தில் ஹெரால்ட். அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட், அவ்வளவுதான் நாட்டில் கார். இறக்குமதிக்குக் கெடுபிடி, அந்நியச் செலாவணிப் பஞ்சம், உள்நாட்டுச் சாமானின் பங்கை ஏற்றிக்கொண்டே போகவேண்டும் என்ற சர்க்கார் நிபந்தனை. கடைசியில் முழுக்க உள்நாட்டுச் சாமானிலேயே ஹெரால்ட் தயாரானது. கவன்ட்ரிக்காரர்கள் 1961லேயே 1147 சிசி எஞ்சினுக்குப் போய்விட்டார்கள். நாம் 948 சிசியிலேயே நின்றோம்.

ஆனால் ஒன்றை நாம் செய்தோம், அவர்கள் செய்யவில்லை. நாலு கதவு. கவன்ட்ரியில் கடைசிவரை ஹெரால்ட் இரண்டு கதவு வண்டிதான். அங்கே அது கல்யாணமாகாத பையனும் இளம் தம்பதியும் வாங்கிய கார். இங்கே கார் வாங்கும் வீட்டில் பாட்டி உண்டு, மடியில் குழந்தை உண்டு. முன்சீட்டை மடக்கிப் பின்னால் நுழையச் சொன்னால் பாட்டி வீட்டிலேயே இருந்துவிடுவார். மார்க் 3இல் வண்டலூர்க்காரர்கள் அதே நீளத்துக்குள் நாலு கதவை அடக்கினார்கள். மிக்கெலோட்டி போட்ட பக்கவாட்டுக் கோட்டை மெட்ராஸ் கைகள் வெட்டித் தைத்தன. அழகு கொஞ்சம் குறைந்தது உண்மை. இரண்டு கதவு வண்டியின் அந்த இழுவை இதில் இல்லை. ஆனாலும் இந்தக் காரின் வரலாற்றில் நமக்கே நமக்கென்று இருக்கும் பக்கம் அதுதான்.

நண்பரின் சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது. இங்கிலாந்துக் கேட்டலாக்கைப் புரட்டினால் ஹெரால்டுக்கு எல்லாம் இருக்கிறது, ரப்பர் பீடிங்கிலிருந்து ஃப்ளோர் தகடு வரை. பின்கதவு மட்டும் இல்லை. முன்கதவும் பொருந்தாது, நம்முடையது குட்டை. சைதாப்பேட்டையிலிருந்து வரும் டிங்கர் பாய், எழுபதைத் தாண்டியவர், கேட்டலாக்கை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சீமைக்காரன் இந்தக் கதவைப் பார்த்ததே இல்லயே சார், எப்படிக் கிடைக்கும்? நாமதான் அடிக்கணும்."

கதவின் வெளித்தகட்டில் அடிப்பாகம் ஆறு அங்குலத்துக்குத் துரு தின்றிருந்தது. பெயிண்டைச் சுரண்டச் சுரண்டப் பட்டி, பட்டிக்குக் கீழே பித்தளை வைத்துப் பற்றவைத்த ஒட்டு, அதற்கும் கீழே வேறொருவர் வைத்த ஒட்டு. அந்த ஒட்டுத்தகட்டின் உள்பக்கம் டப்பாவின் அச்சு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. எண்ணெய் டின்னை வெட்டி வைத்திருக்கிறார்கள். தகடு கிடைக்காத காலம். எனக்கு அது கல்வெட்டு மாதிரி இருந்தது. நண்பருக்குக் குப்பை மாதிரி இருந்தது. இதில் எங்களுக்குள் நிஜமாகவே வாக்குவாதம் வந்தது.

அவர் வாதம்: அசலுக்குக் கொண்டுவருவதுதான் ரெஸ்டொரேஷன். என் கேள்வி: எது அசல்? டூரினில் வரைந்த படமா, கவன்ட்ரி புத்தகமா, 1971இல் வண்டலூர் வாசலைத் தாண்டி வந்த வண்டியா, அவர் அப்பா முப்பது வருஷம் ஓட்டிய வண்டியா? கவன்ட்ரி கேட்டலாக்கிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் பளபளவென்று ஒரு டிரையம்ஃப் வந்து நிற்கும். அதை இங்கிலாந்தில் எத்தனையோ பேர் வைத்திருக்கிறார்கள். வண்டலூர் ஹெரால்டு பற்றி விரித்துச் சொல்ல அந்த ஃபேக்டரியே இப்போது இல்லை. எந்தத் தகட்டை எப்படி மடித்தார்கள், எங்கே அச்சு இயந்திரம் இல்லாமல் கையால் அடித்தார்கள் என்பதற்கு மிச்சமிருக்கும் சாட்சி இந்த வண்டிகள்தான்.

எல்லாவற்றுக்கும் இந்த வாதம் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்க ஸ்பிரிங் கட்டைக் கழற்றியபோது ஒரு பட்டை கூடுதலாக இருந்தது. ஹெரால்டின் பின் ஆக்சில் ஊஞ்சல் வகை: நடுவில் டிஃபரன்ஷியல், அதன் தலையில் குறுக்காக ஒரே லீஃப் ஸ்பிரிங், இரு பக்கமும் தனித்தனியாக ஆடும் அரை ஆக்சில்கள். பாரம் ஏறினால் வண்டி அமுங்கி, சக்கரங்களின் தலை உள்பக்கம் சாயும், டயரின் உள்விளிம்பு தேயும். திருப்பதிக்கு ஆறு பேர் போனால் என்ன ஆகும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். அதற்கு நம்ம மெக்கானிக்குகள் கண்ட வைத்தியம் ஒரு பட்டையைக் கூட்டுவது. புத்திசாலித்தனம்தான். ஆனால் வண்டி காலியாக இருக்கும்போது பின்பக்கம் தூக்கி நிற்கும், சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும், வேகமாக வளைவில் திரும்பினால் பிடி போய்விடும். இந்த ஆக்சில் இங்கே வாங்கியவர்களுக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. 1972இல் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த கெஸல் மாடலில் ஸ்டாண்டர்ட் கம்பெனியே அதைத் தூக்கிவிட்டு நேர் ஆக்சில் போட்டது. கூடுதல் பட்டை இப்போது போர்ட்டிகோ சுவரில் ஆணியில் தொங்குகிறது. வண்டியில் திரும்ப ஏறாது.

டிரன்னியனும் அப்படித்தான். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கட்டையின் அடிமுனை ஒரு திருகு. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அது ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகித் திரும்பும். அதற்குக் கியர் ஆயில் விடவேண்டும். கிரீஸ் அடித்தால் திருகின் அடிவரை போகாது, தண்ணீர் தேங்கும், துருப்பிடிக்கும், ஒருநாள் முறிந்து சக்கரம் படுத்துவிடும். சர்வீஸ் ஸ்டேஷனில் கிரீஸ் கன்னைப் பிடித்தவர்களிடம் யார் இதைச் சொன்னார்கள்? நண்பரின் வண்டியில் இரண்டு பக்கமும் துரு. இரண்டுக்கும் இங்கிலாந்திலிருந்து புதுசு வரவழைத்தார். இதில் நான் வாயே திறக்கவில்லை.

சர்க்காருக்கும் அசல் பற்றி ஒரு கருத்து உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, ஐம்பது வயதைத் தாண்டி, அசல் வடிவில் பராமரிக்கப்பட்டு, பெரிய அளவில் மாற்றியமைக்கப்படாத வண்டிதான் விண்டேஜ். அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்க்கக் கொண்டுபோவது என்று சில காரணங்களுக்கு மட்டும்தான். ஒட்டின் மேல் ஒட்டு வைத்த கதவு மாற்றியமைத்த கணக்கில் வருமா, பராமரித்த கணக்கில் வருமா என்று பாயிடம் கேட்டேன். "ஓடினா பராமரிப்பு சார்" என்றார்.

அவசரம் வேறு ஒன்று. வீடு ஜே.வி.க்குப் போகிறது. நந்தனத்தில் தெருவுக்கு நாலு வீடாவது இப்படிப் போர்ட்டிகோவோடு இருந்தது; இப்போது விரல்விட்டு எண்ணலாம். புது ஃப்ளாட்டில் நண்பருக்கு ஸ்டில்ட்டில் ஒரு கார் பார்க்கிங் கிடைக்கும், மஞ்சள் கோட்டுக்குள். அங்கே கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனால் அசோசியேஷன் சும்மா இருக்காது. கதவு வாசல்களுக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பு பற்றவைத்து, பாடி கோணாமல், நாலு பேர் பிடித்து சேஸிஸிலிருந்து தூக்கி ஓரமாக வைப்பதற்கு ஒரு வீட்டு முற்றம் வேண்டும். இதே வேலையை மோனோகாக் வண்டியில் வீட்டில் வைத்துச் செய்வது கிட்டத்தட்ட நடக்காத காரியம். கவன்ட்ரியின் ஒரு சண்டைதான், அறுபது வருஷத்துக்கும் மேல் கழித்து நந்தனத்தில் இதைச் சாத்தியமாக்கியிருக்கிறது.

கடைசியாக எடுத்த முடிவு ஒரு சமரசம். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் எல்லாம் புதுசு. எஞ்சின் அதே 948. சிலிண்டர் மட்டும் போர் செய்யப்போகிறது. வலது பின்கதவுக்குப் பாய் சுத்தியலும் டாலியும் வைத்துப் புதுத் தகடு அடித்துவிட்டார். இடது பின்கதவின் பழைய தகடு இன்னும் தாங்கும் என்பதால் அதன் ஒட்டுகளைப் பிரிக்காமல் துருவை மட்டும் எடுத்து, பிரைமர் அடித்து, மேலே பெயிண்ட் வரப்போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்பக்கத்தில், கண்ணாடி இறங்கும் பள்ளத்துக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த டின்னின் எழுத்து இருக்கும்.