ஜான் மிட்செல்: அலபாமா கால்பந்தில் நிறத்தடை தகர்ந்த வரலாறு

அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் நிறத்தடை எப்போது உடைந்தது என்று கேட்டால், பலரும் 1970 செப்டம்பர் 12ஐச் சொல்வார்கள். அன்று பர்மிங்காம் நகரில், முழுக்க வெள்ளையர்களே ஆடிய அலபாமா அணியைத் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 42-21 என்று தோற்கடித்தது. கறுப்பின வீரர் சாம் கன்னிங்ஹாம் 135 யார்டு ஓடினார். அந்தத் தோல்விதான் பயிற்சியாளர் பால் பிரையண்டின் கண்ணைத் திறந்தது என்பது வழிவழியாக வரும் கதை.

கால வரிசை இந்தக் கதைக்கு இடம் தரவில்லை. கறுப்பின வீரர்களைச் சேர்க்காததற்காக, அலபாமாவில் படித்த கறுப்பின மாணவர்களின் சங்கம் 1969லேயே வழக்குத் தொடுத்துவிட்டது. உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின வீரர் வில்பர் ஜாக்சன், அந்த ஆட்டம் நடந்தபோது ஏற்கெனவே அலபாமா மாணவர். முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆட அன்றைய விதி அனுமதிக்காததால் அவர் களமிறங்கவில்லை. மாணவர்கள் போராடிப் பெற்றதை ஒரு மாலைப் பொழுதின் கணக்கில் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

ஜாக்சனுக்கும் முந்திக் களமிறங்கியவர் ஜான் மிட்செல். 1951இல் பிறந்த இவர், அதே மாநிலத்தின் மொபீல் நகரத்துக்காரர். பள்ளிப் படிப்பு முடிந்தபோது சொந்த மாநிலப் பல்கலைக்கழகம் அவரை அழைக்கவில்லை. தொலைதூர அரிசோனாவில் ஓர் ஈராண்டுக் கல்லூரியில் ஆடித் தேறினார். தெற்குக் கலிபோர்னியப் பயிற்சியாளர் ஜான் மெக்கே, மொபீலிலிருந்து வந்த ஒரு நல்ல வீரரைத் தன் அணியில் சேர்க்கப்போவதாகப் பேச்சுவாக்கில் பிரையண்டிடம் சொல்லிவிட்டார். பிரையண்ட் உடனே எழுந்துபோய்த் தொலைபேசியை எடுத்து, அந்தப் பையனைக் கண்டுபிடிக்கும்படி தன் உதவியாளர்களுக்குச் சொன்னார். மிட்செல் அலபாமாவில் சேர்ந்தார். 1971 செப்டம்பர் 10 அன்று லாஸ் ஏஞ்சலிஸில், மெக்கேயின் அணிக்கு எதிராகவே முதல் ஆட்டத்தை ஆடினார். அலபாமா 17-10 என்று வென்றது.

அவர் ஆடிய இடம் டிஃபென்சிவ் எண்ட். தற்காப்பு வரிசையின் கடைக்கோடியில் நின்று, பந்தோடு ஓடுபவர் ஓரமாக வளைந்து போகாதபடி மறிக்க வேண்டும். எதிரணித் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை எறியப் பின்வாங்கினால் அடுத்த நொடியே பாய வேண்டும். வலிமை மட்டும் போதாது, எதிராளியின் முதல் அசைவிலேயே அவன் நோக்கத்தைப் படித்துவிட வேண்டும். 1972இல் அணியின் இணைத் தலைவர்களில் ஒருவராக மிட்செல் தேர்வானதற்கும், நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரர்கள் பட்டியலில் இடம்பெற்றதற்கும் இந்த நுட்பமே அடிப்படை என்று கருதலாம்.

கல்லூரிக்குப் பின் தொழில்முறை அணியில் அவருக்கு இடம் நிலைக்கவில்லை. 1973இல் பிரையண்ட் அவரைப் பயிற்சியாளர் குழுவில் சேர்த்துக்கொண்டார். அலபாமாவின் முதல் கறுப்பின உதவிப் பயிற்சியாளருக்கு அப்போது வயது 21. முந்தைய ஆண்டு தோளோடு தோள் நின்று ஆடியவர்களுக்கே அவர் பாடம் சொல்ல வேண்டியிருந்தது. என் பார்வையில், களத்தில் இறங்கியதைவிட இதுவே பெரிய திருப்பம். திறமையுள்ள ஆட்டக்காரரை வெற்றிக்காகச் சேர்த்துக்கொள்ளலாம். வெள்ளை இளைஞர்களுக்குக் கட்டளையிடும் அதிகாரத்தை ஒரு கறுப்பினத்தவரிடம் தருவது வேறு.

அந்த அதிகாரம் மெல்லத்தான் வளர்ந்தது. ஆர்கன்சா, டெம்பிள் பல்கலைக்கழகங்கள் வழியாக எல்.எஸ்.யூ. எனப்படும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் சென்ற மிட்செல், 1990இல் அங்கே தற்காப்புப் பிரிவின் பொறுப்பாளரானார். சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்ற தென்மாநில லீக்கில் கறுப்பினத்தவர் ஒருவர் அப்பொறுப்புக்கு வந்தது அதுவே முதல்முறை. அந்த லீக்கின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராகச் சில்வெஸ்டர் குரூமை மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம் நியமித்தது 2003 டிசம்பரில். குரூமும் அலபாமாவின் முன்னாள் வீரர். அதே ஆண்டு அவர் படித்த பல்கலைக்கழகம் அவரைத் தவிர்த்து வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. லீக் தொடங்கியதோ 1932இல்.

மிட்செல் அதற்குள் கல்லூரி ஆட்டத்தை விட்டுப் போயிருந்தார். 1994 முதல் 2022 வரை பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற தொழில்முறை அணியில் பணியாற்றி, சூப்பர் பவுல் எனப்படும் இறுதிப்போட்டியின் இரண்டு வெற்றிகளில் பங்கேற்றார். எந்தப் பல்கலைக்கழகத்திலும் தலைமைப் பயிற்சியாளர் பதவியில் அவர் அமர்ந்ததில்லை.