ஆய்வுக் கட்டுரை திரும்பப்பெறல்

ஆய்விதழில் வெளிவந்த ஒரு கட்டுரையின் முடிவுகளை இனி நம்புவதற்கில்லை என அந்த இதழே அறிவிப்பது கட்டுரை திரும்பப்பெறல் எனப்படும். தரவுகளைப் புனைவது, படங்களைத் திருத்துவது, பிறர் எழுத்தைத் திருடுவது, நெறிமுறைக் குழுவின் அனுமதியின்றி நோயாளிகளிடம் ஆய்வு நடத்துவது ஆகியவை வழக்கமான காரணங்கள். திரும்பப்பெற்ற கட்டுரையை அழித்துவிடுவதில்லை. அது இணையத்தில் அதே முகவரியில் இருக்கும். பக்கந்தோறும் குறுக்கே முத்திரை விழுந்திருக்கும். காரணத்தைச் சொல்லும் அறிவிப்பு தனியாக வரும். சிறு பிழை என்றால் திருத்தம் போதும். விசாரணை முடியாதபோது ஐயக் குறிப்பு ஒன்று வெளியிடுவார்கள்.

1997-இல் பிரிட்டனில் மருத்துவ இதழாசிரியர்கள் கூடித் தொடங்கிய வெளியீட்டு நெறிமுறைக் குழு (கோப்), இந்நடைமுறைக்கு வழிகாட்டு நெறிகள் வகுத்துள்ளது. பதிவைச் சரிசெய்வதே நோக்கம், ஆசிரியரைத் தண்டிப்பதல்ல என்கிறது கோப். நடைமுறையில் திரும்பப்பெறலைக் களங்கமாகவே பார்க்கிறார்கள். பலர் தாமதிக்க அதுவும் ஒரு காரணம். நேர்மையான பிழைக்காகவும் திரும்பப்பெறுவது உண்டு. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் ஜெஃப்ரி சாங் குழு பயன்படுத்திய மென்பொருள் இரண்டு நெடுவரிசைத் தரவுகளை இடம் மாற்றிவிட்டது. அதனால் புரதங்களின் கட்டமைப்பு தலைகீழாக வந்தது. 2006-இல் பிழை தெரிந்ததும் சயன்ஸ் இதழில் வந்த மூன்று உட்பட ஐந்து கட்டுரைகளைத் திரும்பப்பெற முன்வந்தார்கள்.

அதிகம் பேசப்படுவது ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 12 குழந்தைகளை ஆராய்ந்து, 1998 பிப்ரவரியில் லான்செட் இதழில் வெளியிட்டது இது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற அச்சத்தை அது கிளப்பியது. பிரிட்டனில் தடுப்பூசி போட்டுக்கொள்வோர் விகிதம் சரிந்து, 2003-04 வாக்கில் சுமார் 80 சதவீதத்துக்கு வந்தது. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்கத் தயாரான தரப்பிடமிருந்து பணம் பெற்றதை வேக்ஃபீல்ட் மறைத்ததை 2004-இல் பத்திரிகையாளர் பிரையன் டியர் அம்பலப்படுத்தினார். உடன் எழுதிய 12 பேரில் 10 பேர் தடுப்பூசித் தொடர்பு பற்றிய விளக்கத்தை மட்டும் கைவிட்டனர். கட்டுரையோ அப்படியே நின்றது. குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்படாமல் வரிசையாக வந்தவர்கள், ஆய்வுக்கு நெறிமுறை அனுமதி இருந்தது என்ற இரு கூற்றுகளும் பொய் என்று பிரிட்டன் மருத்துவக் கவுன்சில் முடிவு சொன்ன பிறகுதான், 2010 பிப்ரவரி 2 அன்று, லான்செட் அதை முழுதாகத் திரும்பப்பெற்றது. 12 ஆண்டுகள் பிடித்தன.

அதே இதழால் வேகமாகவும் செயல்பட முடிந்தது. கோவிட் காலத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி 2020 மே 22 அன்று வெளியிட்ட கட்டுரையை ஜூன் 4-ஆம் தேதியே திரும்பப்பெற்றது. தரவு வழங்கிய சர்ஜிஸ்பியர் நிறுவனம் அதைச் சரிபார்க்கக் கொடுக்க மறுத்துவிட்டது. உலகமே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததால் வந்த வேகம் இது. சாதாரணக் கட்டுரைக்கு இது கிடைப்பதில்லை.

இன்றைய பெரிய தலைவலி, காசுக்குக் கட்டுரை தயாரித்து விற்கும் பேப்பர் மில்கள். 2023-இல் வைலி பதிப்பகம் தன் துணை நிறுவனமான ஹிந்தாவியின் இதழ்களிலிருந்து 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப்பெற்றது. பல, விருந்தினர் ஆசிரியர்கள் நடத்திய சிறப்பிதழ்களில் வந்தவை. இப்படிப்பட்ட கட்டுரைகளைச் சொற்களே காட்டிக்கொடுப்பதுண்டு. திருட்டைக் கண்டறியும் மென்பொருளிடமிருந்து தப்ப, சொல்லுக்குச் சொல் ஒத்த பொருள் மாற்றுவதால் ‘செயற்கை நுண்ணறிவு’ என்பது ‘போலிப் பிரக்ஞை’ என்ற பாணியில் அச்சேறிவிடுகிறது. மதிப்பீட்டாளர் ஒருவராவது படித்திருந்தால் இது தப்பியிருக்காது.

இந்தியாவில் எழுத்துத் திருட்டு குறித்த பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள், பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் முனைவர் பட்டப் பதிவையே ரத்து செய்கின்றன. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிகள் நீக்கின. ஆனால் ஆசிரியர் நியமனத்திலும் பதவி உயர்விலும் கட்டுரைக் கணக்கு போகவில்லை.

திரும்பப்பெற்ற பிறகும் பல கட்டுரைகள் மேற்கோள் காட்டப்படுவது தொடர்கிறது. திரும்பப்பெறல்களைக் கண்காணிக்க 2010-இல் தொடங்கிய ரிட்ராக்சன் வாட்ச் தொகுத்த தரவுத்தளத்தை 2023-இல் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. சோட்டீரோ போன்ற மேற்கோள் மென்பொருள்கள் அதைக் கொண்டு, நூலகத்தில் சேர்த்த கட்டுரை திரும்பப்பெறப்பட்டிருந்தால் எச்சரிக்கை காட்டுகின்றன.