ரெகுலேட்டர் வேண்டாமென்ற ஆர்க்

வெல்டிங் ராடு எரிய எரியக் குட்டையாகும். ராட்டின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி சில மில்லிமீட்டர்தான். உள்கம்பியின் கனம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு. விலகினால் அந்த இடைவெளியில் எரிகிற மின்சுடரான ஆர்க் அணைந்துபோகும், நெருங்கினால் ராடு ஒட்டிக்கொள்ளும். அதனால் வெல்டரின் கை ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. மூட்டின் நெடுகே நகர்ந்துகொண்டே போகிறது; உருகிக் குறைகிற ராட்டை அது குறைகிற வேகத்திலேயே கீழே இறக்கவும் செய்கிறது. முதல் வேலையை இயந்திரத்திடம் கொடுப்பது சுலபம். தண்டவாளம், மோட்டார், சக்கரம் வைத்த ஒரு வண்டி இருந்தால் போதும். இரண்டாவது வேலைதான் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பொறியாளர்களைப் படுத்தி எடுத்தது.

1880-களின் தொடக்கத்தில் ரஷ்யாவின் நிகலாய் பெனார்தோஸ் ஆர்க்கால் இரும்பைப் பற்றவைத்தபோது இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரியவில்லை. அவர் பிடித்திருந்தது கரிக்கோல். அது மெதுவாகத்தான் தேயும். பெர்ம் நகரத்துப் பீரங்கி ஆலையில் இருந்த நிகலாய் ஸ்லவியானவ் 1888-ல் கரியைத் தள்ளிவிட்டு உலோகக் கம்பியையே மின்முனையாக வைத்தார். ஆர்க்கை உண்டாக்குகிற கம்பியே உருகி மூட்டை நிரப்புகிற ஏற்பாடு இன்று வரைக்கும் நடப்பில் இருக்கிறது. ஆனால் தொல்லையும் அன்றைக்கே கூடப் பிறந்துவிட்டது. கம்பி வேகவேகமாகக் கரைந்தது. ஸ்லவியானவே அதற்கு ஒரு தானியங்கிக் கருவியைச் செய்துபார்த்தார். ஆர்க் நீண்டால் கம்பியை இறக்கும், குறுகினால் நிறுத்தும். உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காக்க உடைந்த கண்ணாடித் தூளையும் பயன்படுத்தினார். பின்னாளில் இரண்டு கண்டங்களில் இரண்டு தலைமுறை உழைத்து முடித்த இரண்டு யோசனைகளும் அந்த ஒரு மனிதரிடம் அப்போதே இருந்தன.

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பி.ஓ. நோபல் என்பவர் 1920-ல் தானியங்கி வெல்டிங்கைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார். ஆர்க்கின் நீளத்தை அளவுகோல் வைத்து அளக்க முடியாது. ஆனால் நீளம் கூடினால் அதன் வோல்டேஜும் கூடும். எனவே வோல்டேஜைப் பார்த்து மோட்டாரை ஓட்டு: ஏறினால் கம்பியை வேகமாகத் தள்ளு, இறங்கினால் மெதுவாகத் தள்ளு. தேய்ந்த மோட்டார் தண்டுகளையும் கிரேன் சக்கரங்களையும் நிரப்பிச் சரிசெய்ய இந்த இயந்திரம் உதவியது. கார்களின் பின் அச்சுக் கூடுகளும் இதில் வெல்டிங் செய்யப்பட்டன. யோசனை தெளிவானது. ஆனால் அதைத் தாங்கி நின்றவை ரிலேக்களும் தொடுமுனைகளும் சுருள்களும். அவை உட்கார்ந்திருந்த இடமோ பொறியும் தூசியும் பறக்கும் பட்டறை. வெல்டரின் கையை விடுவிக்க வந்த கருவிக்கு நல்ல எலெக்ட்ரீஷியன் ஒருவர் எப்போதும் பக்கத்தில் நிற்கவேண்டியிருந்தது.

கண்ணாடித் தூள் யோசனையின் மறுபிறவி பென்சில்வேனியாவின் மக்கீஸ்போர்ட்டில் நடந்தது. அங்கே குழாய் ஆலைக்காக உருவான முறைக்கு போரிஸ் ரோபினாஃப் 1930-ல் காப்புரிமை பெற்றார். பிறகு லிண்டே நிறுவனத்தின் கைக்குப் போய் 'யூனியன்மெல்ட்' என்ற பெயரில் அது பரவியது. மூட்டின் மேல் ஃபிளக்ஸ் என்ற காப்புப் பொடியைக் குவியலாகக் கொட்டி, அந்தக் குவியலுக்குள் கம்பியைச் செருகி ஆர்க்கை எரியவிடுவதுதான் முறை. வெளிச்சம் தெரியாது, பொறி பறக்காது, முகமூடி வேண்டாம். கையால் வெல்டிங் செய்யும்போது 100, 200 ஆம்பியர் ஓடுகிற இடத்தில் இதில் 800, 1000 ஆம்பியர் ஓட்டலாம். ஒரே ஒரு சங்கடம்: பொடிக்கு அடியில் ஆர்க் எப்படி எரிகிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. இயந்திரத்தை நம்பித்தான் ஆகவேண்டும்.

இந்த முறையைச் சோவியத் நாட்டில் கையில் எடுத்தவர் யெவ்கேனி பத்தோன். வெல்டிங்காரராக வளர்ந்தவர் அல்ல, பாலம் கட்டுகிறவர். 1870-ல் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்தார்; தந்தை அங்கே ரஷ்யத் தூதரக அதிகாரி. டிரெஸ்டனில் படித்து, கீவ் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியராகி, ரிவெட் அடித்த இரும்புப் பாலங்களிலேயே பெயர் வாங்கியவர். 1929-ல், ஐம்பத்தொன்பதாவது வயதில், ரிவெட்டின் காலம் முடிந்தது என்று முடிவு கட்டி வெல்டிங் பக்கம் திரும்பினார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பேரை ஓரமாக வைத்துவிட்டு அந்த வயதில் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். 1934-ல் கீவில் மின் வெல்டிங் ஆய்வு நிலையம் அவர் தலைமையில் அமைந்தது. 1940-க்குள் அவர்களுடைய சொந்த ஃபிளக்ஸும், கம்பியை ஊட்டும் கருவியான வெல்டிங் தலையும் தயாராகிவிட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் ஆலைகளெல்லாம் இந்த முறைக்கு மாறவேண்டும் என்று அரசாணையும் வந்தது.

ஆறே மாதத்தில் ஜெர்மானியப் படை எல்லையைத் தாண்டியது. 1941 செப்டம்பரில் கீவ் வீழ்ந்தது. பின்வாங்கிய சோவியத் படை தகர்த்த பாலங்களில் பத்தோன் கட்டி 1925-ல் திறந்ததும் ஒன்று. அவருடைய நிலையம் அதற்கு முன்பே உரால் மலைப் பகுதியிலுள்ள நிழ்னி தகிலுக்குப் பெயர்ந்திருந்தது. கார்கிவ் நகரத்து டாங்கி ஆலையும் அங்கேதான் வந்து இறங்கியது. டி-34 டாங்கிகளின் கவசத் தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைக்க வேண்டும். கையால் செய்யத் தேர்ந்த வெல்டர்கள் போதவில்லை.

முதலில் கவசம் மக்கர் செய்தது. அதன் எஃகில் கரியும் கலப்புகளும் அதிகம். உருகி ஆறும்போது மூட்டில் விரிசல் விட்டது. இரண்டு தகடுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் கரி குறைந்த சாதாரணக் கம்பியை முன்கூட்டியே கிடத்திவிட்டு அதன்மேல் வெல்டிங் ஓட்டினார்கள். மூட்டில் கவச எஃகின் பங்கு குறைந்தது, விரிசலும் அடங்கியது. ஃபிளக்ஸ் தயாரிக்க மூலப்பொருள் கிடைக்காதபோது ஊது உலைக் கசடைக் கொண்டு ஒப்பேற்றினார்கள். இவையெல்லாம் பஞ்சத்தில் பிறந்த சாமர்த்தியங்கள். வெல்டிங் தலையில் நடந்தது வேறு வகை.

அந்தத் தலைகள் நோபலின் வழியில் வந்தவை: வோல்டேஜைப் பார்த்துக் கம்பியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிக்கலான கருவிகள். போர்க்காலத்தில் அவற்றுக்கு உதிரிப்பாகம் கிடைக்காது. இயக்கப்போவதோ பெண்களும் பதின்வயதுப் பிள்ளைகளும். அந்தச் சூழலில் நிலையத்தின் பொறியாளர் விளாதிமிர் தியாத்லவ் 1942-ல் கண்டது இதுதான்: கனத்த மின்னோட்டத்தில் ஃபிளக்ஸுக்கு அடியில் எரிகிற ஆர்க்குக்கு ரெகுலேட்டரே தேவையில்லை. கம்பியை எப்போதும் ஒரே வேகத்தில் தள்ளிக்கொண்டிருந்தால் போதும். ஆர்க் தன் நீளத்தைத் தானே பிடித்துவைத்துக்கொள்கிறது.

ஏதோ காரணத்தால் ஆர்க் சற்று நீண்டுவிட்டது என்று வையுங்கள். வோல்டேஜ் கூடும், கரண்ட் குறையும். கரண்ட் குறைந்தால் கம்பி உருகும் வேகம் மட்டுப்படும். ஆனால் மேலிருந்து கம்பி பழைய வேகத்திலேயே வந்துகொண்டிருக்கிறது. உருகுவதைவிட வருவது அதிகம் என்பதால் இடைவெளி குறைந்து பழைய நீளத்துக்கே வந்துவிடும். ஆர்க் குறுகினால் இதெல்லாம் தலைகீழாக நடக்கும்: கரண்ட் ஏறும், கம்பி வேகமாக உருகும், இடைவெளி விரியும். அடுப்பில் விறகை ஒரே சீராகத் தள்ளிக்கொண்டிருக்க, தீ தன் பசிக்குத் தக்கபடி கூடியும் குறைந்தும் எரிந்து கணக்கைச் சரிக்கட்டுவது போன்ற ஏற்பாடு.

இது எல்லா ராட்டிலும் நடக்காது. கம்பியின் குறுக்குப் பரப்பில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு கரண்ட் பாய்கிறது என்பதில்தான் சூட்சுமம். கையால் பிடிக்கும் 4 மில்லிமீட்டர் ராட்டில் 160 ஆம்பியர் ஓடினால் அது சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 13 ஆம்பியர். ஃபிளக்ஸுக்கு அடியில் 5 மில்லிமீட்டர் கம்பியில் 800 ஆம்பியர் என்றால் சுமார் 41. இந்த அடர்த்தி கூடக்கூட ஆர்க் தன்னைத் திருத்திக்கொள்ளும் வேகமும் கூடும். குறைந்த கரண்டில் வேலை பார்த்த முன்னவர்கள் கண்ணில் இது படாமல் போனதில் வியப்பில்லை.

பலன் உடனே தெரிந்தது. ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது மாறா வேகத்தில் ஓடும் மோட்டாரும் கம்பியைக் கவ்வி இழுக்கும் உருளைகளும்தான். போருக்குப் பின் வந்த டிஎஸ்-17 என்ற சிறு வெல்டிங் வண்டியில் ஒரே மோட்டார் கம்பியையும் தள்ளியது, வண்டியையும் ஓட்டியது. வேகத்தை மாற்றவேண்டுமென்றால் பற்சக்கரத்தைக் கழற்றி வேறொன்றைப் போடுவார்கள். தானியங்கிக் கட்டுப்பாட்டின் வரலாற்றில் ஒரு பாகத்தைச் சேர்த்ததற்குப் பாராட்டு வாங்கியவர்கள் ஏராளம். ஒரு பாகம் தேவையே இல்லை என்று காட்டியவர்கள் குறைவு, அவர்கள் பெயரும் லேசில் வெளியே வருவதில்லை. டாங்கியின் புகழும் பத்தோனின் புகழும் ஊரறிந்தவை. தியாத்லவை வெல்டிங் படித்தவர்கள்கூடப் பாதிப் பேர்தான் கேள்விப்பட்டிருப்பார்கள்.

கீவ் திரும்பிய பத்தோன் தன் இரண்டு தொழில்களையும் ஒன்றாக்கினார். தினீப்பர் நதியின் மேல் 1,543 மீட்டர் நீளத்தில் ரிவெட் இல்லாமல் முழுக்க வெல்டிங்கிலேயே ஒரு பாலம். 1953 ஆகஸ்டில் அவர் காலமானார், நவம்பரில் பாலம் திறக்கப்பட்டது. நிலையத்தின் பொறுப்பு மகன் போரிஸ் பத்தோனிடம் வந்தது. 1969-ல் சோயுஸ்-6 விண்கலத்தில் வெல்டிங் செய்து பார்த்த வல்கான் கருவி அங்கே உருவானதுதான்.

அமெரிக்காவிலும் இதே ஞானம் வேறு பாதையில் வந்தது. 1948-ல் பட்டெல் ஆய்வகத்தில், ஃபிளக்ஸ் பொடிக்குப் பதிலாக வாயுவைப் போர்த்திக் கம்பியை விடாமல் ஊட்டும் முறை உருவானது. மெல்லிய கம்பியும் மாறா வோல்டேஜ் தரும் மின்மூலமும் சேர்ந்த பிறகே அது பட்டறைக்கு ஏற்றதாகியது. 1.2 மில்லிமீட்டர் கம்பியில் 250 ஆம்பியர் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 220 ஆம்பியருக்கும் மேல். கண்ணிமைக்கும் முன்னே ஆர்க் தன்னைச் சரிசெய்துகொள்ளும். 1953-ல் சோவியத் நாட்டில் லியுபாவ்ஸ்கியும் நவஷிலவும் கார்பன் டை ஆக்சைடைப் போர்வையாக்கினார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் 'சிஓ2 வெல்டிங்' என்பது அதைத்தான். அந்த மெஷினில் பொதுவாக இரண்டு குமிழ்கள் இருக்கும்: ஒன்று கம்பி வேகத்துக்கு, மற்றது வோல்டேஜுக்கு. கரண்டுக்கென்று தனிக் குமிழ் இருக்காது. கம்பியை வேகமாக விட்டால் அதை உருக்கத் தேவையான கரண்டை ஆர்க்கே இழுத்துக்கொள்ளும்.

பழைய வோல்டேஜ் ரெகுலேட்டர் செத்துப்போகவில்லை. மிகக் கனத்த கம்பியில் கரண்ட் அடர்த்தி இறங்கிவிடுவதால், ஃபிளக்ஸ் வெல்டிங்கில் அப்படிப்பட்ட வேலைகளுக்கு அதை இன்னும் வைத்திருக்கிறார்கள். பிளாஸ்மா வெட்டும் மேசைகளில் அதற்குப் புது உத்தியோகமும் கிடைத்திருக்கிறது. அங்கே உருகித் தேயும் கம்பி கிடையாது. தகடு நெளிந்திருந்தால் டார்ச் தானாக இறங்கிக்கொள்ளாது. ஆகவே ஆர்க்கின் வோல்டேஜை அளந்து, ஏறினால் டார்ச்சை இறக்கி, இறங்கினால் தூக்கி, தகட்டிலிருந்து ஒரே உயரத்தில் வைத்திருக்கிறது ஒரு மோட்டார். நோபல் 1920-ல் கம்பிக்குச் செய்த கணக்கு இன்று டார்ச்சின் உயரத்துக்கு நடக்கிறது.