கன்றுக்கு மார்க் போடுவது: பேஸ்பால் பட்டியலும் புதுக்கோட்டைக் காளையும்

இன்றைய எபிசோடில் ரெண்டு விஷயத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பேசப்போகிறேன். ஒன்று, அமெரிக்காவின் பேஸ்பால். இன்னொன்று, புதுக்கோட்டை மாவட்டத்தின் காளைக்கன்றுகள். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். ரெண்டு இடத்திலும் ஒரே கேள்விதான்: இன்றைக்குச் சின்னதாக நிற்கும் ஒன்று, நாலு வருஷம், பத்து வருஷம் கழித்து என்ன பெறும்? அதை இப்பவே எப்படி வரிசைப்படுத்துவது?

முதலில் பேஸ்பாலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே பெரிய லீக் அணி ஒவ்வொன்றுக்கும் கீழே பல படிகளில் மைனர் லீக் அணிகள் உண்டு. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் சின்னச் சின்ன ஊர்களில் ஆடி ஆடி மேலே வரவேண்டும். இந்த ஏற்பாட்டை 1920-களில் பெரிய அளவில் கட்டியவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி. இதற்கு அங்கே புழங்கும் பெயர் என்ன தெரியுமா? 'ஃபார்ம் சிஸ்டம்'. பண்ணை முறை! நான் மாட்டுக்குப் போவதற்கு முன்னாடியே அவர்கள் பண்ணைக்கு வந்துவிட்டார்கள்.

இந்தப் பையன்களுக்கு மார்க் போட ஸ்கவுட் என்கிற ஆட்கள் ஊர் ஊராகப் போவார்கள். 20-லிருந்து 80 வரை மதிப்பெண். 50 என்றால் சராசரி. அடிப்பது, அடியின் பலம், ஓட்டம், எறிவது, பிடிப்பது என ஐந்துக்கும் தனித்தனியாகப் போடுவார்கள். 'பேஸ்பால் அமெரிக்கா' என்கிற பத்திரிகை 1990-லிருந்து வருஷா வருஷம் நூறு பேர் பட்டியல் போடுகிறது. இன்றைக்கு யார் நன்றாக ஆடுகிறான் என்பது அந்தப் பட்டியலின் கேள்வி இல்லை; நாளைக்கு யார் மதிப்பு அதிகம் என்பதுதான். அதனால் ஒவ்வொருவனுக்கும் ரெண்டு அளவு பார்ப்பார்கள். எல்லாம் சரியாக நடந்தால் எவ்வளவு உயரம் போவான், இது உச்சம். எதுவுமே சரியாக நடக்காவிட்டாலும் எந்த மட்டத்துக்குக் கீழே இறங்கமாட்டான், இது கீழ்மட்டம். இந்த ரெண்டு சொல்லையும் ஞாபகம் வச்சுக்குங்க. பின்னால் தேவைப்படும்.

பட்டியல் பொய்க்கிறதும் உண்டு. 1988 தேர்வில் மைக் பியாசா 62-ஆவது சுற்றில், 1,390-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். 2016-இல் அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். மறுபக்கம், 1991-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட பிரையன் டெய்லர் ஒரு கைகலப்பில் தோள் போய், பெரிய லீக்கில் ஒரு பந்துகூடப் போடாமல் முடிந்துபோனார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

சுழி பார்த்த கண்

புதுக்கோட்டை தொண்டைமான்களின் சமஸ்தானமாக இருந்து, 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்தது. பிறகு திருச்சி மாவட்டத்தின் பகுதி. தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14-இல். மாட்டுக்கார மாவட்டத்துக்குப் பொருத்தமான பிறந்தநாள், பொங்கல் சமயம்! பெரிய ஆற்றுப் பாசனம் குறைவு. கண்மாயையும் மழையையும் நம்பிய மானாவாரி பூமி. வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு என்று செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் கந்தர்வகோட்டைப் பக்கம் தச்சங்குறிச்சி. விராலிமலையில் 2019 ஜனவரியில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டு உலக சாதனை என்று அறிவித்தார்கள். அதே நாளில் அங்கே ரெண்டு பேர் உயிர் போனது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இந்த ஊர்களில் ஸ்கவுட் வேலை பார்த்தவர்கள் மாட்டுத் தரகர்களும் பழுத்த சம்சாரிகளும். முதலில் சுழி பார்ப்பார்கள். சுழி என்றால் மயிர் வட்டமாகச் சுழித்து நிற்கும் இடம். கோபுர சுழி, லட்சுமி சுழி, தாமணி சுழி, ஏறு பூரான் என்றால் நல்லது. இறங்கு பூரான், குடைமேல் குடை, விலங்கு சுழி, பாடை சுழி என்றால் ஆகாது. பெயரைக் கேட்டாலே பாதி புரிந்துவிடும். விலங்கு சுழி மாடு வந்தால் கையில் விலங்கு, பாடை சுழி வந்தால் வீட்டில் சாவு.

இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். சுழிக்கும் ஓட்டத்துக்கும் தொடர்பு இல்லை என்பதுதான் என் எண்ணமும். ஆனால் வரலாற்றில் அது செய்த வேலை வேறு. சுழி பிறவியிலேயே இருக்கும், மாறாது, யாராலும் மறைக்க முடியாது. கன்றைப் பற்றி வேறு எந்தத் தகவலும் இல்லாதபோது, விற்பவனும் வாங்குபவனும் ஒப்புக்கொள்ளும் ஒரே அடையாளம் அது. நிறத்தை நம்ப முடியாது. காங்கேயம் கன்றும் உம்பளச்சேரிக் கன்றும் பிறக்கும்போது சிவப்பாக இருக்கும். சில மாதங்களில் சாம்பல் நிறமாகிவிடும். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். மாட்டில் முளையின் நிறம்கூட நிலைக்காது.

அதற்குமேல் பார்த்தது உடம்பை: குளம்பு இறுக்கம், கால் நேர், கொம்பின் அடி, திமில் ஏறும் விதம், ஆள் பக்கத்தில் போனால் கன்று ஒதுங்குகிறதா, முறைக்கிறதா. இது ஸ்கவுட்டின் ஐந்து மார்க்குக்கு ரொம்பத் தள்ளி இல்லை. விலையை மட்டும் வாயால் சொல்லமாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பட்டியல் இருந்தது, ஆனால் துண்டுக்குள்ளேயே இருந்தது.

கத்தி வைக்கும் முடிவு

எப்போது மார்க் போட்டார்கள்? வயதுக்குக் கணக்கு பல். பால் பல் விழுந்து ரெண்டு பல் போட்டால் ரெண்டு, ரெண்டரை வயது. எட்டுப் பல்லும் சேர நாலரை வயதாவது ஆகும். காளையின் முழு பலம் தெரிவது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். ஆனால் முடிவெடுப்பது அதற்கு ரொம்ப முன்னாடி. எந்தக் கன்றுக்குக் காயடிப்பது, எதைக் காளையாகவே விடுவது என்பதுதான் அந்த முடிவு. காயடித்துவிட்டால் அது உழவுக்கும் வண்டிக்கும் போகும். அதன் வம்சம் அதோடு முடிந்தது. விட்டால் பொலிகாளை, கோயில்காளை, வாடிவாசல். திரும்பப் பெற முடியாத முடிவு, அதுவும் பாதித் தகவலோடு. பேஸ்பாலில் தப்பாகத் தள்ளிய பையன் வேறு அணியில் வந்து ஜெயிக்கலாம். இங்கே அது நடக்காது.

அரசாங்கமும் இந்தப் பட்டியல் வேலையில் இறங்கியது. பக்கத்துச் சென்னை மாகாணத்தில் 1940-இல் கால்நடை அபிவிருத்திச் சட்டம் வந்தது. பொலிகாளை வைக்க லைசென்ஸ் வேண்டும், தகுதியில்லை என்று அதிகாரி சொன்னால் காயடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். துண்டுக்குள் இருந்த பட்டியலை ரிஜிஸ்டருக்குக் கொண்டுவரும் முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

கீழ்மட்டம் போன கதை

இப்போது அந்த ரெண்டு சொல்லுக்கு வருகிறேன். பழைய கணக்கில் காளைக்கன்றுக்கு உச்சம் எவ்வளவோ, அதே அளவு முக்கியம் அதன் கீழ்மட்டம். வாடிக்குத் தேறாத கன்று உழவுக்குப் போகும். உழவில் மந்தமாக இருந்தால் வண்டிக்கு. கிணற்றில் கவலை இறைக்க மாடு வேண்டும். எதுவும் இல்லையென்றால் கிடையில் நின்று வயலுக்குச் சாணம் போடும். அதனால் கணிப்பு தப்பினாலும் கன்றுக்கு ஒரு வேலை காத்திருந்தது. தரகர் தப்பாக மார்க் போட்டார் என்பதற்காகக் கன்று சாகவில்லை.

பம்பு செட் வந்ததும் கவலை போனது. டிராக்டர் வந்ததும் ஏர் போனது. டெம்போவும் லாரியும் வந்ததும் வண்டி போனது. உரமூட்டை வந்ததும் கிடையின் தேவை குறைந்தது. ஒவ்வொன்றும் மனுஷனுக்கு நல்லதுதான்; அதில் சண்டை இல்லை. ஆனால் காளைக்கன்றின் பக்கத்திலிருந்து பாருங்க. அஞ்சு படி இருந்த இடத்தில் மேல்படி ஒன்றுதான் மிச்சம்: வாடிவாசல். அங்கே தேறினால் லட்சக்கணக்கில் விலை. தேறாவிட்டால் நேராக அடிமாடு. அதே சுழி, அதே கண், அதே தரகர். ஆனால் தப்பின் விலை உயிராகிவிட்டது.

அந்த ஒற்றைப் படியும் ஆடியது. 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. மிருகத்துக்கும் வலியிலிருந்தும் பயத்திலிருந்தும் விடுபட்டு வாழ உரிமை உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2012-இல் பிறந்த ஒரு கன்றை நினைச்சுப் பாருங்க. 2015, 2016 பொங்கலில் அது முதல்முறை வாடிக்கு வரும் வயது. அந்த ரெண்டு வருஷமும் வாடி இல்லை. 2016 ஜனவரியில் மத்திய அரசு அனுமதித்தது. சில நாளில் நீதிமன்றம் அதையும் நிறுத்தியது. கன்று அப்படியேதான் இருக்கிறது. உடம்பில் குறை இல்லை, சுழியில் குறை இல்லை. மதிப்பு மட்டும் காணோம்.

2017 ஜனவரி போராட்டம், அவசரச் சட்டம், திருத்தச் சட்டம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களிலேயே, ஜனவரி 22-இல் புதுக்கோட்டை மாவட்டம் ராப்பூசலில் நடந்த ஜல்லிக்கட்டில் ரெண்டு பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டின் சட்டம் செல்லும் என்று அரசியல் சாசன அமர்வு சொன்னது 2023 மே 18-இல். ஆக, ஒன்பது வருஷம் ஒவ்வொரு கன்றின் விலையிலும் ஒரு வழக்கின் முடிவும் சேர்ந்திருந்தது.

அமெரிக்காவிலும் இதேபோல் நடந்தது. 2020-இல் கொரோனாவால் மைனர் லீக் சீசன் முழுசாக ரத்து. அடுத்த வருஷம் பெரிய அணிகளோடு சேர்ந்த மைனர் அணிகளை 160-லிருந்து 120 ஆகக் குறைத்தார்கள். பட்டியலின் மேலே இருந்த பையனுக்குப் பெரிய சேதம் இல்லை. கீழே இருந்த, இன்னும் ரெண்டு வருஷம் கொடுத்தால் தேறியிருக்கக்கூடிய பையனுக்குத்தான் ஆடக் களம் போனது. இன்னொரு பியாசா வந்தால் எந்தப் படியில் நிற்பான்?

ஒரு நிமிஷத் தீர்ப்பு

வாடியின் இன்னொரு சிக்கல், அது ஒரு நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்வது. சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' படித்தவர்களுக்குக் காரியைத் தெரியும். ஜமீன்தாரின் பேர்பெற்ற காளை. ஒருநாள் பிடிபடுகிறது, ஜமீன்தார் அதைச் சுட்டுவிடுகிறார். இது கதை. நிஜத்தில், அப்போது அமைச்சராக இருந்த சி. விஜயபாஸ்கரின் 'கொம்பன்' புதுக்கோட்டை வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த காளை. 2018 பிப்ரவரியில் தென்னலூரில் வாடிவாசல் கட்டையில் தலை மோதி இறந்துபோனது. பிரையன் டெய்லரின் தோள் மாதிரிதான். எவ்வளவு உயர்ந்த மார்க்கும் ஒரு கணத்துக்குக் காப்பீடு கிடையாது.

அப்போ நீண்டகால மதிப்பு எங்கே இருக்கிறது? பால்மாட்டு உலகம் இதற்கு ஒரு பதில் கண்டது. காளை பால் கறக்காது. அதனால் அதன் மகள்கள் கறக்கும் பாலை அளந்து காளைக்கு மார்க் போட்டார்கள். அதற்கு அஞ்சாறு வருஷம் காத்திருக்க வேண்டும். 2009-லிருந்து அமெரிக்காவில் கன்றின் மரபணுவைப் பார்த்தே அதிகாரபூர்வமாக வரிசைப்படுத்துகிறார்கள். ஆனால் அது சாத்தியமானதே, தலைமுறை தலைமுறையாகத் தாய் யார், தகப்பன் யார், மகள் எவ்வளவு கறந்தாள் என்று எழுதி வைத்ததால்தான்.

நம்ம வாடியில் காளையின் பெயரையும் உரிமையாளர் பெயரையும் மைக்கில் சொல்வார்கள். அதை ஈன்ற பசு எது என்று யாரும் சொல்வதில்லை. காளையின் பாதி அவளிடமிருந்து வந்தது. அவள் அதிகம் கறக்கவில்லை என்று என்றைக்கோ விற்றிருப்பார்கள். ஜல்லிக்கட்டு நாட்டுமாட்டைக் காப்பாற்றும் என்று சொல்கிறோம். பசுவையும் பட்டியலில் சேர்த்தால்தான் அது முழு உண்மையாகும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: தாய், தகப்பன், ஈன்ற தேதி, எந்த வாடி, என்ன ஆனது. பத்து ஊர் சேர்ந்து பத்து வருஷம் எழுதினால், சுழியைவிட நல்ல அடையாளம் கையில் இருக்கும்.

கன்றுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை நாம் துருவித் துருவிப் பார்த்தோம். அதைத் தாங்க வெளியே எத்தனை படி இருக்கிறது என்பதும் அதே மதிப்பில் பாதி. படி குறையக் குறைய, பட்டியல் போடுகிறவர் அவ்வளவுக்கவ்வளவு நிதானமாக இருக்க வேண்டியிருக்கிறது.

இந்த எபிசோட் இவ்வளவுதான். அடுத்ததில் சந்திப்போம்.