டி டிரைவ் பிறந்த கதை

சி டிரைவில் விண்டோஸ், டி டிரைவில் படமும் பாட்டும். 2000களில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு இது இயற்கை விதி மாதிரி. ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக்குப் போய்விட்டதால் ஹார்ட் டிஸ்க் சி-யில் தொடங்கியது, சரி. ஒரே டிஸ்க்குக்குள் டி எப்படி வந்தது?

1983 மார்ச்சில் ஐபிஎம் வெளியிட்ட பிசி எக்ஸ்டியில் 10 மெகாபைட் டிஸ்க் இருந்தது. இன்றைய கைப்பேசிப் படங்கள் இரண்டு மூன்று வைத்தால் நிறைந்துவிடும். அதையும் நான்காகப் பிரிக்க வழி வைத்தார்கள். அப்போது டாஸ் மட்டுமே ராஜா இல்லை; சிபி/எம்-86 போன்ற போட்டியாளர்களும் இருந்தார்கள். ஒன்றையொன்று மிதிக்காமல் எல்லாம் ஒரே டிஸ்க்கில் குடியிருக்கத்தான் இந்தச் சுவர். டாஸ் 2.0-உடன் வந்த எஃப்டிஸ்க், டிஸ்க்கின் முதல் செக்டாரில் நான்கு வரிகளுக்கு இடம் ஒதுக்கியது. வரிக்கு 16 பைட், மொத்தம் 64 பைட். எங்கே ஆரம்பம், எவ்வளவு நீளம், யாருடைய இடம், எதிலிருந்து பூட் ஆவது. அவ்வளவுதான்.

போட்டியில் டாஸ் ஜெயித்தது, மற்ற குடித்தனக்காரர்கள் வரவே இல்லை. சுவருக்கு வேறு வேலை கிடைத்தது. டாஸ் செக்டார்களை 16 பிட்டில் எண்ணியதால் 65,536-க்கு மேல் அதற்குக் கணக்குத் தெரியாது. ஒரு செக்டார் 512 பைட் என்றால் 32 மெகாபைட்தான் எல்லை. 40 மெகாபைட் டிஸ்க் வாங்கியவருக்கு 8 மெகாபைட் சும்மா கிடந்தது. 1987-இல் டாஸ் 3.3 அந்த மிச்சத்தை எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனாக்கி டி என்று பெயர் வைத்தது. எண்ணத் தெரியாததற்கு ஒரு ஒட்டு வேலை, வேறொன்றுமில்லை.

அடுத்த வருடமே டாஸ் 4.0 அந்த எல்லையைத் தாண்டியது. டி மட்டும் போகவில்லை. விண்டோஸ் படுத்துவிட்டால் சி-யை ஃபார்மட் செய்யலாம், டி பிழைக்கும் என்று புதுக் காரணம் கிடைத்தது. நல்ல காரணம்தான். ஆனால் கல்யாணப் படங்களை டி-யில் காப்பி போட்டுவிட்டு ‘பேக்கப் எடுத்தாச்சு’ என்று நிம்மதியாக இருந்தவர்கள் எத்தனை பேர்! டிஸ்க்கே செத்தால் சுவருக்கு இரண்டு பக்கமும் சேர்ந்துதான் போகும். அந்த 64 பைட் மட்டும் அழிந்தாலோ, படங்கள் அப்படியே இருக்க, டிஸ்க் காலி என்று கம்ப்யூட்டர் சொல்லும்.

அட்டவணையின் எண்கள் 32 பிட். அதனால் 2 டெராபைட்டில் அதுவும் முட்டி நின்றது. இப்போதைய ஜிபிடி அட்டவணையில் பொதுவாக 128 வரி, டிஸ்க்கின் கடைசியில் அதற்கொரு நகலும் உண்டு. ஆனாலும் முதல் செக்டாரில் பழைய அட்டவணை இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒரே ஒரு வரி: இந்த இடம் முழுக்க ஆள் இருக்கிறது. ஜிபிடி தெரியாத பழைய மென்பொருள் எதுவும் காலி என்று நினைத்துக் கை வைத்துவிடக் கூடாதாம்.