புதுச்சேரி போறீங்களா? கேமரா பையில் எந்த லென்ஸ் இருக்கணும், எதை வீட்டிலேயே விட்டுட்டுப் போகணும்?

வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குக் கிளம்பும் பலரின் முதுகில் இப்போது ஒரு கேமரா பையும் தொங்குகிறது. உள்ளே மூன்று, நான்கு லென்ஸ் இருக்கும். ஊர் திரும்பி படங்களைப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே லென்ஸில் எடுத்ததாக இருக்கும். மற்றவை வெயிலில் சுமந்ததோடு சரி.

அப்படியானால் புதுச்சேரி நகரத்துக்கு உண்மையில் என்ன தேவை? சுருக்கமான பதில்: கேமராவோடு வந்த சாதாரண ஜூம் லென்ஸ் ஒன்று, இருட்டிலும் வேலை செய்யும் சின்ன ப்ரைம் லென்ஸ் ஒன்று. பெரிய டெலி லென்ஸ், பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும். அல்ட்ரா வைடு லென்ஸ் பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை. ஏன் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

75 வருடத்துக்கு முன் வந்த ஒருவர்

உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சு புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்தார். அதற்குச் சில நாட்கள் முன்பு, ஏப்ரல் 14 அன்று ரமண மகரிஷி மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்தார். பிறகு புதுச்சேரி வந்து, ஏப்ரல் 24 தரிசன நாளையொட்டி அரவிந்தரையும் அன்னையையும் படம் எடுத்தார். 1926 முதல் தனிமையில் வாழ்ந்து வந்த அரவிந்தரைக் கேமரா பார்ப்பதே அரிது. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி அரவிந்தர் மறைந்துவிட்டதால், அந்தப் படங்களின் மதிப்பு இன்னும் கூடியது.

கார்த்தியே பிரெஸ்ஸோன் பெரிய பெட்டி தூக்கிக்கொண்டு அலைந்தவர் அல்ல. கையடக்க லைக்கா கேமரா, அதில் 50 மிமீ லென்ஸ். வாழ்நாளில் பெரும்பகுதி வேலையை அந்த ஒரு லென்ஸிலேயே செய்தார். எப்போதாவது 35, 90 மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். அவரைப் போல எடுத்துவிடலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. லென்ஸ் எண்ணிக்கைக்கும் நல்ல படத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

மிமீ என்றால் என்ன?

லென்ஸில் எழுதியிருக்கும் 24, 50, 200 போன்ற எண்கள் அதன் குவிய தூரத்தைக் குறிக்கின்றன. எண் சிறியதாக இருந்தால் காட்சி அகலமாக விழும், பெரியதாக இருந்தால் தூரத்தில் இருப்பது பக்கத்தில் வரும்.

இதை புதுச்சேரி தெருவில் வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். ஒயிட் டவுனில் தூமா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி எல்லாம் அகலமான சாலைகள் இல்லை. ஒரு பக்கச் சுவரை ஒட்டி நிற்கிறோம், எதிர் வீடு 8 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மிமீ லென்ஸ் போட்டால் அந்த வீட்டின் முகப்பில் 12 மீட்டர் அகலம் படத்துக்குள் வரும். 35 மிமீ என்றால் சுமார் 8 மீட்டர். 50 மிமீ என்றால் 6 மீட்டர் கூட வராது. 200 மிமீ போட்டால் ஒன்றரை மீட்டர்கூட இல்லை, ஒரு ஜன்னல் வந்தால் அதிர்ஷ்டம்.

ஆக, இந்த ஊரின் மஞ்சள் சுவர், வெள்ளை விளிம்பு, மேலே படரும் காகிதப்பூ எல்லாவற்றையும் சேர்த்து எடுக்க 24 முதல் 50 வரைதான் வேலை. பின்னால் போக இடம் இல்லாத ஊர் இது.

இங்கே ஒரு கவனம் தேவை. விலை குறைந்த பெரும்பாலான கேமராக்கள் கிராப் சென்சார் வகை. நிக்கான், சோனி, ஃபியூஜி என்றால் லென்ஸ் எண்ணை 1.5 ஆல் பெருக்க வேண்டும், கேனான் என்றால் 1.6 ஆல். "கார்த்தியே பிரெஸ்ஸோன் 50 வெச்சிருந்தார், நானும் 50 வாங்கிட்டேன்" என்று கிராப் கேமராவில் மாட்டினால் அது 75 அல்லது 80 மிமீ போல நடந்துகொள்ளும். அதே 8 மீட்டர் தூரத்தில் 4 மீட்டருக்கும் குறைவாகத்தான் பார்க்கும். கிராப் கேமராக்காரர்களுக்கு 50க்கு ஈடு 35 மிமீ லென்ஸ்தான். கேமராவோடு வரும் 18-55 லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கணக்கில் சுமார் 27-82. ஒயிட் டவுனுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றைத் தேடிப் போக வேண்டியதில்லை. 'கிட் லென்ஸ்' என்று பலர் மட்டமாகப் பேசுவது நியாயமே இல்லை.

பாக்கெட்டில் ஏற்கெனவே ஒரு வைடு லென்ஸ் இருக்கே!

பலர் மறந்துவிடும் விஷயம் இது. இன்றைய மொபைல்களின் மெயின் கேமரா கிட்டத்தட்ட 24 முதல் 26 மிமீ பார்வை கொண்டது. கூடவே உள்ள அல்ட்ரா வைடு கேமரா 13 முதல் 16 மிமீ வரை. பகல் வெளிச்சத்தில் தெரு, கடற்கரை, கோயில் முகப்பு எடுக்க மொபைலே போதும். அதே வேலைக்குத் தனியாக ஒரு அல்ட்ரா வைடு லென்ஸைச் சுமப்பது வீண். வீட்டின் உள்ளறை, கட்டடக்கலை ஆகியவற்றைத் தொழிலாக எடுப்பவர்கள் மட்டும் விதிவிலக்கு.

வைடு லென்ஸுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சுப்பையா சாலையில் உள்ள திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்கு மிக அருகில் நின்று கேமராவை மேலே தூக்கினால், இரண்டு கோபுரங்களும் பின்னால் சாய்ந்து விழுவது போலப் படத்தில் தெரியும். லென்ஸில் கோளாறு இல்லை, கேமரா நிமிர்ந்ததால் வருவது. சாலையின் எதிர்ப்பக்கம் போய், கேமராவைக் கூடியவரை நேராகப் பிடித்து எடுத்தால் கோபுரம் நிமிர்ந்து நிற்கும்.

அதிகாலை கடற்கரைக்கு என்ன லென்ஸ்?

புதுச்சேரியில் கடல் கிழக்கே இருப்பதால் சூரியன் உதிப்பதைத்தான் கடலில் பார்க்க முடியும், மறைவதை அல்ல. முதல் முறை வருபவர்கள் மாலையில் பீச் ரோட்டில் சூரியனைத் தேடுவது அடிக்கடி நடக்கிறது. ஆண்டு முழுக்க உதய நேரம் ஏறத்தாழ 5.45 முதல் 6.35 மணிக்குள் மாறும். கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்பதால், அந்த நேரத்தில் நடுரோட்டில் நின்றே நிதானமாகப் படம் எடுக்கலாம்.

சூரியன் படத்தில் எவ்வளவு பெரிதாக வரும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. லென்ஸ் எண்ணைச் சுமார் 109 ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் சூரியனின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 50 மிமீ லென்ஸில் அரை மில்லிமீட்டர்கூட வராது. 200 மிமீ லென்ஸில் 1.8 மில்லிமீட்டர். அதாவது, மீன்பிடிப் படகுக்குப் பின்னால் பெரிய சிவப்புப் பந்து வேண்டும் என்றால் மட்டும் டெலி லென்ஸ். காந்தி சிலையையும் அதைச் சுற்றியுள்ள செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட கருங்கல் தூண்களையும் உதய வானத்தின் முன்னால் கருநிழலாக எடுக்க 24-35 போதும். சூரியன் மேலே வந்த பிறகு ஆப்டிகல் வியூஃபைண்டர் வழியாக அதை நேராகப் பார்க்கவே கூடாது. டெலி லென்ஸ் வழியாகப் பார்த்தால் கண்ணுக்கு நிரந்தரப் பாதிப்பு வரலாம்.

மார்க்கெட்டிலும் இரவிலும்

ப்ரைம் லென்ஸ் ஏன் வேண்டும் என்பது பெரிய மார்க்கெட் எனப்படும் குபேர் அங்காடிக்குள் நுழைந்தால் தெரியும். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே கூரைக்குக் கீழே மங்கல். கிட் லென்ஸை ஜூம் செய்தால் அதன் திறப்பு எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடும். எஃப் 1.8 ப்ரைம் லென்ஸ் அதைவிடச் சுமார் 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பூ கட்டும் கைகள் மங்காமல் வரும். கேனானின் 50 மிமீ எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸின் எடை 160 கிராம்தான். 70-200 எஃப் 2.8 லென்ஸ் ஒன்றரை கிலோவை நெருங்கும். மதியம் மிஷன் வீதியில் நடக்கும்போது இந்த வித்தியாசம் தோளுக்கு நன்றாகத் தெரியும்.

வேறொரு வித்தியாசமும் இருக்கிறது, அதுதான் முக்கியமானது. சின்ன லென்ஸ் வைத்திருப்பவர் பக்கத்தில் போய்த்தான் ஆக வேண்டும். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். சிலர் வேண்டாம் என்பார்கள். அப்போது கேமராவை இறக்கிவிட வேண்டும். தெருமுனையில் நின்று 200 மிமீ லென்ஸில் மீன் விற்கும் பெண்ணின் முகத்தை அவருக்குத் தெரியாமல் எடுப்பது, அதை இன்ஸ்டாகிராமில் போடுவது எல்லாம் எந்தக் கணக்கிலும் சரியல்ல.

ஒயிட் டவுனிலும் இதே பிரச்னை. மஞ்சள் சுவரும் மரக்கதவும் வெறும் பின்னணி அல்ல, உள்ளே குடும்பங்கள் இருக்கின்றன. வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதியில், திண்ணையும் மரத்தூணும் வைத்த வீடுகள் நிற்கும் கல்வே சுப்பராய செட்டி வீதிக்கு, அந்தத் தெருவைச் சீரமைத்ததற்காக 2008ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அங்கே ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஏறி உட்கார்ந்து போஸ் கொடுக்கும் முன் கதவைத் தட்டிக் கேட்பது நல்லது.

லென்ஸே வேண்டாத இடங்கள்

அரவிந்தர் ஆசிரமத்துக்குள் அனுமதி இல்லாமல் படம் எடுக்க முடியாது. அங்கே மட்டும் போகிற நாளில் கேமராவை அறையிலேயே விட்டுவிடுவது மேல். விழுப்புரம் மாவட்ட எல்லைக்குள் பெரும்பகுதி அமைந்துள்ள ஆரோவில்லில், மாத்ரிமந்திருக்குள்ளும் கேமரா, மொபைலுக்கு இடமில்லை. தூரத்தில் உள்ள பார்வையிடத்திலிருந்து அந்தத் தங்கக் கோளத்தை எடுக்கலாம். மொபைலில் அது சின்னதாகத் தெரியும், அங்கே 18-55 லென்ஸின் 55 முனை கைகொடுக்கும். தேவாலயங்களில் பூசை நேரத்தில் கேமராவைத் தூக்க வேண்டாம்.

சரி, டெலி லென்ஸ் யாருக்கு?

நகரத்துக்கு மேற்கே, புதுச்சேரிக்கும் தமிழகத்துக்கும் இடையே விரிந்து கிடக்கும் ஊசுட்டேரிக்குப் போகிறவர்களுக்கு. குளிர்காலத்தில் வலசை வரும் நீர்ப்பறவைகளை 55 மிமீயில் எடுத்தால் புள்ளிதான் வரும். குறைந்தது 300 மிமீ வேண்டும். 55-250 போன்ற எடை குறைந்த லென்ஸ், கிராப் கேமராவில் 375 முதல் 400 வரை எட்டும் என்பதால் தொடக்கக்காரர்களுக்கு அதுவே நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு நாளுக்காக விலை உயர்ந்த லென்ஸ் வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பது லாபம்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா? போன பயணத்தின் படங்களைத் திறந்து, ஒவ்வொன்றின் விவரப் பகுதியில் எத்தனை மிமீ என்று பார்க்கலாம். 100 படத்தில் 80 படம் 18க்கும் 35க்கும் நடுவே இருந்தால் அடுத்த பயணத்துக்கும் அதுதான் விடை.

உப்புக்காற்றும் ஏசி அறையும்

பீச் ரோட்டின் கருங்கற்களில் அலை மோதும்போது தெறிக்கும் உப்புநீர் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் காற்றில் வரும். அங்கே நின்று லென்ஸ் மாற்றினால் உப்பும் தூசியும் சென்சாருக்குள் போகும். எந்த லென்ஸ் என்பதை அறையிலேயே முடிவு செய்து மாட்டிக்கொண்டு கிளம்புவது பாதுகாப்பு. இரண்டு லென்ஸோடு நிறுத்திக்கொள்ள இதுவும் ஒரு காரணம். முன் கண்ணாடிக்கு யூவி ஃபில்டர் போட்டால் உப்புப் படிவது அதில்தான். அறைக்குத் திரும்பியதும் லேசாக ஈரமாக்கிய மென்துணியால் லென்ஸின் வெளிப்புறத்தைத் துடைத்துவிடலாம். உப்பு காய்ந்த கண்ணாடியை வெறும் துணியால் தேய்த்தால் கீறல் விழும்.

ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் குளிர்ந்த லென்ஸின் மேல் ஈரம் படிந்து படம் முழுக்கப் பனிமூட்டமாகிவிடும். கேமராவை மூடிய பையிலேயே வைத்து, கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு ஏசி இல்லாத வராந்தாவிலோ பால்கனியிலோ விட்டால் போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம், அப்போது பையில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகள் நான்கைந்து அவசியம். வீடு திரும்பியதும் லென்ஸை ஈரப்பையிலேயே பூட்டி வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். வெளியே எடுத்து, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் வைத்துவிட்டுப் பிறகு மூடலாம்.