தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை

பேசாத பிள்ளையையும் பிறரோடு பழகாத பிள்ளையையும் ஒரு சமூகத்தார் என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பதைக் கொண்டே அச்சமூகத்தின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் எழுதிவிடலாம். நம்மவர் இட்ட பெயர்கள் மூன்று: ஊமை, பைத்தியம், பேய் பிடித்தது. இன்று ஆட்டிசம் என்றும், கவனம் நிலையாமை என்றும், எழுத்தறியும் இடர்ப்பாடு என்றும் வைத்தியர் பிரித்துரைக்கும் நிலைமைகள் யாவும் அம்மூன்று சொற்களுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தன. பெயர் தவறினால் பரிகாரமும் தவறும் அன்றோ? ஊமைக்கு விதி என்றனர். பேய்க்குக் கோடாங்கி என்றனர். பைத்தியத்திற்குத் தஞ்சோங் ரம்புத்தான் என்றனர்.

பேராக்கில் அந்த மனநோய் ஆஸ்பத்திரி 1911-ல் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அதற்கு இன்பம் எனப் பொருள்படும் மலாய்ப் பெயரைச் சூட்டினர். ஆயினும் ஊர்ப்பெயர் வசைச்சொல்லாக நின்றது நின்றதுதான். தோட்டப்புறத்தின் நிலைமையோ வேறு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருத்தல் வேண்டுமென 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. விதித்தென்ன? ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஒருங்கே நடத்திய கொட்டகையில், அழைத்தால் திரும்பிப் பாராத பிள்ளைக்கு இடங்கொடுப்பார் யார்? விடியுமுன் தாய் பால்மரம் வெட்டப் போவாள். பிள்ளை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். அவ்வயது கடந்தபின் லயத்து வீட்டின் உள்ளறையே அதற்கு உலகம். அத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணி வைத்தாரில்லை.

மேனாட்டாரும் நெடுங்காலம் இருட்டிலேயே தடவினர். அமெரிக்காவில் லியோ கன்னர் என்னும் வைத்தியர் 1943-ல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தைத் தனி நிலைமையாக உலகறியச் செய்தது. (மாஸ்கோவில் சுகரேவா என்னும் பெண் வைத்தியர் 1925-லேயே இதனையொத்த சிறுவரைப் பற்றி எழுதியிருந்தார், பெண்ணின் எழுத்தை உலகம் தாமதமாகவே படிக்கும் போலும்.) பின்னர் நேர்ந்தது பெருங்கொடுமை. தாயின் அன்பு குளிர்ந்துபோனதால் பிள்ளை இப்படியாயிற்று என்னும் கொள்கை கிளம்பியது. புரூனோ பெட்டல்ஹைம் அதனை 1967-ல் நூலாகவே எழுதிப் பரப்பினார். நம் ஊர்க் கிழவிகள் மருமகளைப் பழித்ததற்கும் மேனாட்டுப் பண்டிதர் தாயைப் பழித்ததற்கும் வேற்றுமை எங்கே? இது மூளையின் அமைப்பைச் சார்ந்தது, வளர்ப்பின் குற்றமன்று என 1964-லேயே வாதித்தவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அவர் ஒரு மனவியலறிஞர்; அத்தகைய மகனின் தந்தையுமாவார்.

தாயத்தும் மந்திரமும் செய்யும் தீங்கை நாம் சொல்லால் மட்டும் கண்டிக்க வேண்டியதில்லை. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் ஏர்வாடியில், மனநோய் நீங்குமென்று கொணர்ந்து சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோரில் 28 பேர் கொட்டகைத் தீயில் மாண்டனர். அவர்களைக் கட்டிவைத்தது பகையன்று; நம்பிக்கை.

நமது கிள்ளான் பள்ளத்தாக்கில் வெளிச்சம் வந்த விதம் கவனிக்கத்தக்கது. கண்ணுக்குத் தெரியும் குறையே முதலிற் கவனிக்கப்பட்டது. பார்வையற்றோர் சங்கம் 1951-ல் தோன்றியது. அதனாலேயே பிரிக்பீல்ட்ஸ் வீதிகளில் வெண்கோல் ஒலி பழகிப்போயிற்று. செவிப்புலன் அற்றோர்க்கெனப் பினாங்கில் 1954-ல் பள்ளி எழுந்தது. மனவளர்ச்சி குன்றியோர்க்காகச் சிலாங்கூரில் 1960-களில் ஒரு சங்கம் கூடியது. ஆட்டிசத்திற்கென நாடளாவிய சங்கம் அமைந்ததோ 1987-ல்தான். அதன் நிலையங்கள் பின்பு பல ஊர்களுக்கும் பரவின. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வித்திட்டவர் சர்க்கார் அல்லர். தொண்டர்களும், வேறு வழி காணாத பெற்றோருமே.

அந்த 1987-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் லோவாஸ் என்பார், வாரத்திற்கு 40 மணி நேரம் தனித்தனியே பயிற்றிய சிறு பிள்ளைகளைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டார். செயலைச் சிறு சிறு படிகளாக்கி, செய்தவுடன் பரிசளித்துப் பழக்கும் முறை அது. அதன் தொடக்க நாட்களில் அடியும் மின்னதிர்ச்சியும் இருந்தன என்பதை மறைத்தல் கூடாது. வட கரோலினாவில் 1972 முதல் எரிக் ஷாப்லர் நடத்திய முறை நமக்கு இன்னும் உவப்பானது. அடுத்து என்ன நிகழும் என்பதைப் படங்களாகச் சுவரில் ஒட்டுதல், ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இடம் வகுத்தல், பெற்றோரையே துணைப் பயிற்சியாளராக்குதல் ஆகிய இவற்றுக்கு ஏழை வீட்டிலும் அட்டையும் பசையும் போதும். இவற்றோடு பேச்சுப் பயிற்சியும், சட்டைப் பொத்தான் இடுதல் முதலிய அன்றாடச் செயற் பயிற்சியும் சேர்ந்தன. பேச்சுப் பயிற்சியாளரை உள்நாட்டிலேயே உருவாக்கும் பட்டப்படிப்பு 1990-களில்தான் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஏற்பட்டது.

இங்கேதான் தமிழ்ப் பெற்றோர் ஒரு புதுச் சங்கடத்தில் வீழ்ந்தனர். பிள்ளை குழம்பும், ஆகவே வீட்டில் தமிழை நிறுத்தி ஒரே மொழி பேசுங்கள் என்னும் உபதேசம் பலர்க்குக் கிடைத்தது. தாய்க்கு நன்கு வராத ஆங்கிலத்தில் அவள் எதைக் கொஞ்சுவாள்? பாட்டி எதைச் சொல்வாள்? இரு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகள் அதனால் பின்தங்குவதாக இதுவரை நடந்த ஆராய்ச்சிகள் காட்டவில்லை. ஆதலின் அவ்வுபதேசத்திற்கு ஆதாரமில்லை என்றே கூறுவோம்.

சட்டத்தின் கதை சுருக்கமானது. 1997-ஆம் ஆண்டின் விசேடக் கல்வி விதிகள், தன்னைத்தான் பிறர் உதவியின்றிக் கவனித்துக்கொள்ளும் பிள்ளையையே கற்பிக்கத்தக்கவனாகக் கொண்டன. உதவி மிக வேண்டுவோர் வாயிலிலேயே நின்றனர். ஊனமுற்றோர் சட்டம் 2008-ல் வந்தது. எப்பிள்ளையையும் பள்ளி மறுத்தல் ஆகாதென்னும் கொள்கை 2019 முதல் நடைமுறைக்கு வந்தது. சமூகநல இலாகாவில் பதிவு செய்தால் அட்டை உண்டு. கற்றல் குறைபாடு என்ற பிரிவிலேயே ஆட்டிசமும் அடங்கும். வெட்கத்தால் பதியாமல் இருப்போர் சலுகைகளைத் தாமே கைவிடுகின்றனர்.

வளர்ந்தோரும் இப்பொழுது தம் வாயாலேயே பேசத் தொடங்கிவிட்டனர். மூளையமைப்பு மனிதர்க்கு மனிதர் வேறுபடுவது இயற்கை, அதனை அழித்துச் சமன் செய்வது வைத்தியமன்று என்னும் கருத்து 1990-களில் எழுந்தது. ஆஸ்திரேலியாவின் ஜூடி சிங்கர் எழுத்துகளால் அது பெயர் பெற்றது. கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்துவதையும், கைகளை ஆட்டாதே என்று அடக்குவதையும் அவர்கள் மறுக்கிறார்கள். பேச முடியாதவர்க்குப் படமோ, தட்டெழுத்துக் கருவியோ பேச்சாகட்டும் என்கிறார்கள். பொதுச் சேவை வேலைகளில் நூற்றுக்கு ஒன்றை ஊனமுற்றோர்க்கு ஒதுக்க வேண்டுமென 1988-ல் மலேசிய சர்க்கார் உத்தரவிட்டது. அந்த நூற்றில் ஒன்று இன்னும் நிரம்பியபாடில்லை.